கழனி, கொல்லை, கொட்டகை: சித்தூர்ச் சீமையின் சிறு வேளாண்மை

ஆடிப் பட்டத்தில் நிலக்கடலை விதைத்த சித்தூர்ச் சீமையின் குடியானவர் கடலையை மட்டும் விதைத்ததில்லை. ஏர் முன்னே செல்ல, சாலில் பருப்பை இட்டபடி பின்னே நடக்கும் பெண்கள் சில சால்களுக்கு ஒருமுறை துவரையையோ மொச்சையையோ இடுவர். இடையே காராமணி விழும். கொல்லையின் ஓரத்தில் ஆமணக்கு நிற்கும். காராமணி முதலில் கைக்கு வரும். கடலை நான்கு மாதத்திற்குள் பிடுங்கப்படும். பிடுங்கிய பின் வெறுமையாகத் தோன்றும் அதே நிலத்தில் மொச்சை பனிக்காலத்தில் பூத்துத் தைப்பொங்கல் வரை காய்க்கும். துவரை அதற்கும் பிறகே அறுவடையாகும். ஓர் உழவில், ஒரு விதைப்பில், நான்கு வெவ்வேறு வேளைகளில் வீட்டுக்கு ஏதோவொன்று வந்து சேர்ந்தது.

பல்வகைப் பயிர், கலப்புப் பண்ணையம் என்றெல்லாம் இன்றைய திட்ட ஆவணங்கள் இதனைக் குறிக்கின்றன. அச்சொற்கள் பயிர்களின் எண்ணிக்கையைச் சொல்கின்றன. குடியானவர் கணக்கிட்டதோ வேளைகளை. ஆவணியில் மழை பொய்த்தால் கடலை பூ உதிர்ந்து போகும். ஆயினும் ஆழ வேரோடும் துவரையும், பனியை நம்பும் மொச்சையும் ஐப்பசி மழைவரை தாக்குப்பிடிக்கும். ஐப்பசியும் பொய்த்தால் கொள்ளு விதைக்கலாம்; அதற்கு ஈரம் சிறிது போதும். அதுவும் முளைக்காவிட்டால் காய்ந்த கடலைக்கொடியாவது மாட்டுக்கு மிஞ்சும். மழையைப் பார்த்து முடிவை மாற்றிக்கொள்ளும் வாய்ப்பு ஆண்டில் மூன்று நான்கு முறை கிடைத்தது. சித்தூரின் சிறு வேளாண்மைக்கு உண்மையான சொத்து அந்த வாய்ப்புத்தான். கடந்த நூறாண்டு வரலாற்றை அந்த வாய்ப்பு எவ்வாறு சுருங்கியது என்ற கேள்வியோடு படிக்கலாம்.

மொச்சையைப் பற்றி ஒரு வார்த்தை. தெலுங்கில் அது அனபகாய. ஊறவைத்துத் தோலைப் பிதுக்கி எடுத்த பருப்பைச் சித்தூர்த் தெலுங்கர் பிதிகிபப்பு என்பர். வேலூரிலும் கிருஷ்ணகிரியிலும் அது பிதுக்குப் பருப்பு. கேழ்வரகுக் களியோடு உண்ணும் இந்தக் குழம்புக்கு மாநில எல்லை இல்லை. பாசனச் சொற்களும் அப்படியே. ஏரியின் மதகைத் தமிழர் தூம்பு என்றால் தெலுங்கர் தூமு என்பர். மிகுநீர் வழியும் கலிங்கு அங்கே கலுஜு. ஏற்றம் ஏதம் ஆகும். மாடு பூட்டி நீர் இறைக்கும் கவலை, அல்லது கபிலை, அங்கே கபில. நெல்லடிக்கும் களம் கல்லம். ஆட்சிமொழி எதுவாயினும் நீரைக் கட்டிய கைகள் பொதுவான ஒரு சொற்களஞ்சியத்தையே கையாண்டன. 1950களின் வடவெல்லைக் கிளர்ச்சியில் கோயிலும் மொழியும் பேசப்பட்ட அளவுக்கு இந்தக் கொல்லையும் கிணறும் பேசப்படாதது ஒரு குறையே.

சீமையின் அமைப்பை அறியாமல் வேளாண்மையை அறிய இயலாது. இன்றைய சித்தூர் மாவட்டமும் திருப்பதி மாவட்டத்தின் ஒரு பகுதியும் மதனப்பள்ளிப் பகுதியும் சேர்ந்த பழைய சித்தூர் மாவட்டம் 1911 ஏப்ரல் 1 அன்று உருவாயிற்று. அதுவரை சித்தூர் வட ஆற்காடு மாவட்டத்தின் தலைநகர். வட ஆற்காட்டிலிருந்து சித்தூர், சந்திரகிரி, பலமனேர் முதலியனவும், கடப்பையிலிருந்து மதனப்பள்ளி, வாயல்பாடு ஆகியனவும் எடுத்துச் சேர்க்கப்பட்டன. 1953இல் ஆந்திர மாநிலம் பிறந்தபோது மாவட்டம் முழுமையும் அங்கே சென்றது. படாஸ்கர் பரிந்துரையின்படி திருத்தணி 1960இல் தமிழகத்துக்குத் திரும்பியது. திருப்பதி தனி மாவட்டமானது 2022 ஏப்ரலில். ஆட்சிக் கோடுகள் இத்தனை முறை மாறியும் நிலத்தின் கோடு ஒன்று மாறவில்லை. மேற்கே மதனப்பள்ளி, புங்கனூர், பலமனேர், குப்பம் ஆகியவை மைசூர்ப் பீடபூமியின் விளிம்பிலுள்ள மேட்டுநிலங்கள். அங்கே தென்மேற்குப் பருவமழையே பெரிது. கிழக்கே புத்தூர், நகரி, திருப்பதி, காளத்தி ஆகிய தாழ்நிலங்கள் ஐப்பசி, கார்த்திகை மழையை எதிர்பார்ப்பவை. இரண்டு மழைக்கும் நடுவே கிடக்கும் சீமை இது. இரண்டும் பெய்யும் ஆண்டும் உண்டு. இரண்டும் ஏமாற்றும் ஆண்டும் உண்டு. பொன்முகலி, நீவா, பாலாறு, ஆரணியாறு என்று ஆறுகளின் பெயர்ப்பட்டியல் நீளமானது. ஆண்டு முழுதும் நீரோடும் ஆறு அவற்றில் ஒன்றுமில்லை.

எனவே நீரைத் தேக்க வேண்டியிருந்தது. தொண்டைமண்டலம் முழுவதற்கும் உரிய ஏரிப்பாசனம் இங்கே மலையடிவாரங்களில் அடுக்கடுக்காக அமைந்தது. ஆற்றுமணலுக்குள் கால் வெட்டி ஊற்றுநீரைக் கழனிக்குக் கொண்டுவரும் ஊற்றுக்கால்களும் வட ஆற்காட்டின் தனிச்சிறப்பு. ஆறு வற்றிய பின்பும் சில வாரங்களுக்கு அவை நெற்கதிரைக் காப்பாற்றின.

இந்த ஏரிகளுக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்பதற்குத் திருமலைக் கல்வெட்டுகள் அரியதொரு சான்று. பெரும்பாலும் தமிழில் அமைந்த அக்கல்வெட்டுகளில் விஜயநகரக் காலத்தவை மிகுதி. பர்டன் ஸ்டெயின் 1960இல் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரை அவற்றின் பொருளாதாரத்தை முதன்முதலாக விரிவாகக் காட்டியது. அடியவர் ஒருவர் ஸ்ரீபண்டாரத்தில் நற்பணம் செலுத்துகிறார். கோயில் அந்தப் பணத்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டுவதில்லை; திருவிடையாட்ட ஊர்களில் ஏரி தோண்டவும் கால் வெட்டவும் செலவிடுகிறது. அதனால் பெருகிய விளைச்சலிலிருந்து அடியவர் பெயரால் அமுதுபடி நடக்கிறது. படைத்த பிரசாதத்தில் ஒரு பகுதி கொடையாளிக்குச் சேரும். அதற்கு விட்டவன் விழுக்காடு என்று பெயர். நூற்றுக்கு இத்தனை என்பதைக் குறிக்க இன்றைய தமிழ் எடுத்துக்கொண்ட விழுக்காடு என்ற சொல், அக்கல்வெட்டுகளில் இலையில் விழும் பங்கைக் குறித்து நின்றது. திருப்பதியை அடுத்த இராமச்சந்திராபுரம் பகுதியின் ராயல செருவு விஜயநகர மன்னர் காலத்தது என்று போற்றப்படும் ஏரி. 2021 நவம்பர் பெருமழையில் அதன் கரையில் நீர்க்கசிவு கண்டு, கீழேயுள்ள ஊர்களை வெளியேற்ற நேர்ந்தபோதுதான் ஏரி இன்னும் உயிரோடிருக்கிறது என்பது பலருக்கு நினைவுக்கு வந்தது.

ஏரிக்கழனி எல்லோருக்கும் வாய்த்ததன்று. ஊரின் சிறந்த நிலம் அது. கோயிலுக்கும் அக்கிரகாரத்துக்கும் கைவலுவுள்ள குடிகளுக்கும் உரியது. சிறுகுடியானவரிடம் கழனி அரைக்காணி இருந்தால் அதிகம். அவருடைய வாழ்வு கொல்லையில் கிடந்தது. அதனினும் கீழே, நிலமின்றிப் பிறர் நிலத்தில் படியாளாகவும் ஆண்டுக்கூலி ஜீதகாரராகவும் உழைத்த மாலரும் மாதிகரும் இருந்தனர். கடலை பறிக்கும் காலத்தில் கூலியாகக் கிடைத்த காய்ப்பங்கு, அறுத்த கதிரில் கிடைத்த அரிக்கட்டு ஆகியவையே அவர்களுக்குப் பயிர்வகை. பழைய வேளாண்மையின் நிறைவைப் பேசும் எழுத்துகள் பலவும் இவர்களின் உழைப்பை எண்ணாமலே அந்நிறைவை எண்ணிவிடுகின்றன.

1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருஷப் பஞ்சம் இந்த அமைப்பின் எல்லையைக் காட்டியது. தொடர்ந்து இரண்டு மழை பொய்த்தால் நான்கு வேளை ஏற்பாடும் பயன்படாது. மாடு செத்தது; மாடில்லாமல் உழவில்லை. நேட்டாலுக்கும் மொரீஷியசுக்கும் ஒப்பந்தக் கூலிகளாகச் சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறியோரில் வட ஆற்காட்டார் கணிசமானோர். தென்னாப்பிரிக்காவின் தமிழ், தெலுங்குக் குடும்பங்கள் சில தம் முன்னோரின் ஊரைத் தேடி இன்று சித்தூர்ப் பக்கம் வருவதன் பின்புலம் அதுவே.

பஞ்சத்துக்கு முன்னும் பின்னும் குடியானவர் கண்ட விடை கிணறு. சொந்தச் செலவில் கிணறு தோண்டியதற்காகத் தீர்வையை உயர்த்துவதில்லை என்ற கொள்கையைச் சென்னை மாகாண அரசு 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஏற்றுக்கொண்டது கிணறுகள் பெருக ஒரு காரணம். இப்பகுதியின் கிணறு பாறையைக் குடைந்து இறக்கிய அகன்ற சதுரக் கிணறு. இரண்டு மாடுகள் சரிவில் இறங்க, தோற்சால் நிறைந்து மேலேறும். ஒரு நாள் முழுதும் இறைத்தால் நனையும் நிலம் சிறிதே. அந்தச் சிறிய இடத்தில்தான் மிளகாய், கத்தரி, வெங்காயம், கேழ்வரகு நாற்று, ஒரு பாத்தி கீரை, வசதியிருந்தால் கொஞ்சம் கரும்பு ஆகியவை நின்றன. கிணற்றின் அளவைத் தீர்மானித்தது மாட்டின் மூச்சு. மாடு இறைக்கும் நீருக்கு மேல் ஆசைப்பட முடியாது என்பதால் நிலத்தடி நீரும் காக்கப்பட்டது. இது யாருடைய அறத்தாலும் நேர்ந்ததன்று. கருவியின் இயல்பால் நேர்ந்தது.

நிலக்கடலை பழம்பயிர் போலத் தோன்றினாலும் தென்னமெரிக்காவிலிருந்து வந்த விருந்தாளி. தென்னார்க்காட்டில் 19ஆம் நூற்றாண்டில் பரவி, புதுச்சேரித் துறைமுகம் வழியே மார்செய் நகரத்து எண்ணெய் ஆலைகளுக்குச் சென்ற பயிர் வடக்கே நகர்ந்து சித்தூர்க் கொல்லைகளை நிரப்பியது. இங்கே அது செய்த வேலை இரட்டை. காய் சந்தைக்குப் போய்ப் பணமானது. கொடி கொட்டகைக்குப் போய்த் தீனியானது. திண்டிவனம் ஆராய்ச்சி நிலையம் 1940இல் வெளியிட்ட டி.எம்.வி. 2 என்ற குறுங்கால இரகம் பல பத்தாண்டுகள் இச்சீமையை ஆண்டது. சாமையும் கம்பும் இருந்த இடத்தைக் கடலை பிடித்துக்கொண்டது உண்மை. எனினும் துவரை, மொச்சை, காராமணிக்கு அது இடம் விட்டது. பணப்பயிர் என்றால் பிற பயிரை அழிப்பது என்ற பொதுவிதிக்கு இது ஒரு விலக்கு.

கொட்டகையில் நின்ற மாட்டையும் பார்க்க வேண்டும். புங்கனூர், வாயல்பாடு, மதனப்பள்ளி, பலமனேர்ப் பகுதிகளில் உருவான புங்கனூர் இனம் உலகின் மிகக் குள்ளமான மாட்டினங்களில் ஒன்று. உயரம் மூன்றடி அளவே. பால் நாளொன்றுக்கு மூன்று, ஐந்து லிட்டருக்கு மேல் இல்லை, கொழுப்போ மிகுதி. கொல்லையின் காய்ந்த சருகைத் தின்று வறட்சியைத் தாங்கும். சிறிய நிலத்துக்கேற்ற சிறிய மாடு. இதற்கு அப்பால் ஆட்டுக்கிடை உண்டு. அறுவடை முடிந்த கொல்லையில் இடையர் சில இரவுகள் கிடை கட்டினால் அடுத்த பயிருக்கு எரு கிடைத்துவிடும். கோடையில் ஏரி வண்டலை வண்டியில் ஏற்றிக் கொல்லையில் கொட்டுவதும் வழக்கம். ஏரி தூர்வாரப்பட்டதும் நிலம் வளம் பெற்றதும் ஒரே வேலையில் முடிந்தன. கழனி, கொல்லை, கொட்டகை மூன்றும் ஒன்றன் கழிவை ஒன்று உண்டு நின்றன.

1948இல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது. கார்வேட்டிநகரம், காளத்தி, புங்கனூர், கங்குந்தி என்று ஜமீன்கள் நிறைந்திருந்த மாவட்டத்தில் இது சிறிய மாற்றமன்று. குத்தகை கட்டியவர்களில் பலர் பட்டாதாரர் ஆயினர். நிலமற்றோருக்கு அரசு புறம்போக்குகள் வழங்கப்பட்டன. அவை பெரும்பாலும் குன்றுச்சரிவுகள், கல்மேடுகள். அந்நிலங்களைப் பிறர் வாங்குவதைத் தடுக்க 1977இல் ஆந்திர அரசு சட்டம் இயற்றியது. தடை காகிதத்தில் எவ்வளவு உறுதியாக இருந்ததோ அவ்வளவு உறுதியாக ஊரில் இல்லை. பாகப்பிரிவினை மற்றொரு பக்கம் நிலத்தை நறுக்கியது. 2015–16 வேளாண் கணக்கெடுப்பின்படி மாநிலத்தின் சராசரிக் கைப்பற்று ஒரு ஹெக்டேருக்கும் குறைவு.

மாட்டின் மூச்சு அளந்த கிணற்றை மின்மோட்டார் வந்து மாற்றியது. 1960களுக்குப் பின் ஊர்தோறும் மின்கம்பி நுழைய, கவலைக் கிணறுகளில் மோட்டார் இறங்கியது. முதல் சில ஆண்டுகள் பொற்காலம் போல இருந்தன. கரும்பு பெருகியது, சித்தூர் வெல்ல மண்டியின் பெயர் பரவியது, சித்தூரிலும் ரேணிகுண்டா அருகே காஜுலமண்டியத்திலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் இயங்கின. பின் சதுரக் கிணறுகள் வற்றத் தொடங்கின. அவற்றின் அடியில் துளையிட்டனர். அதுவும் வற்றியபின் ஆழ்துளைக் கிணறு. இங்கே தமிழ்நாட்டுக்கு நேரடிப் பங்கு உண்டு: இந்தியா முழுதும் ஆழ்துளையிடும் ரிக் வண்டிகளின் தலைமையிடம் திருச்செங்கோடு. அந்த வண்டிகள் இரவு பகலாகச் சித்தூர்க் கொல்லைகளில் நின்றன. ஆழம் முந்நூறு அடியில் தொடங்கி ஆயிரம் அடியை நெருங்கியது. இப்பாறையில் நீர் இருக்கும் இடம் வெடிப்புகளில் மட்டுமே. வெடிப்பு தப்பினால் துளை வெறும் துளை. அடிக்கு இவ்வளவு என்று கூலி. நீர் வந்தாலும் வராவிட்டாலும் கூலி கூலியே. தேங்காயைக் கையில் வைத்து நீரோட்டம் பார்ப்பவருக்கு முதல் வருமானம், ரிக் வண்டிக்கு இரண்டாம் வருமானம், வட்டிக்காரருக்கு மூன்றாம் வருமானம் என்ற வரிசையில் குடியானவர் நான்காவதாக நின்றார்.

2002இல் நீர், நிலம், மரங்கள் பாதுகாப்புச் சட்டம் வந்து ஆழ்துளைக்கு அனுமதி வேண்டும் என்றது. 2004இல் வேளாண்மைக்கு இலவச மின்சாரம் வந்தது. ஒரு கை தடுத்ததை மறுகை திறந்துவிட்டது என்று குறை சொல்வது எளிது. தொடர் வறட்சியில் மின்கட்டணம் கட்ட முடியாமல் இணைப்பு துண்டிக்கப்பட்ட குடும்பங்களுக்கு அந்த இலவசம் உயிர்த்தண்ணீராகவே இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஆழ்துளையின் முதல் விளைவு நீரைப் பற்றியதன்று, கடனைப் பற்றியது. கிணறு தோண்டிய கடனைக் கொள்ளு விற்றோ மொச்சை விற்றோ அடைக்க இயலாது. விரைவில் பெரும்பணம் தரும் பயிர் வேண்டும். மேற்கே தக்காளி அந்த இடத்தைப் பிடித்தது. மதனப்பள்ளித் தக்காளிச் சந்தை நாட்டின் மிகப் பெரிய சந்தைகளுள் ஒன்றாயிற்று. 2023 ஜூலை இறுதியில் அங்கே முதல்தரத் தக்காளி கிலோ 200 ரூபாயை நெருங்கியது. செய்தித்தாள்கள் கோடீஸ்வர விவசாயிகளைத் தேடி அலைந்தன. இரண்டே மாதங்களில் விலை பறிப்புக் கூலிக்கும் ஆகாத நிலைக்குச் சரிந்தது. ஜூலையில் கோடீஸ்வரரைத் தேடியவர்கள் செப்டம்பரில் அதே ஊருக்குத் திரும்பி வந்ததாகத் தெரியவில்லை. தக்காளியும் குறுங்காலப் பயிர்தான், வேளைகள் உண்டு. அவ்வேளைகளை முன்பு மழை தீர்மானித்தது. இப்போது சென்னைக் கோயம்பேடும் பிற தொலைதூரச் சந்தைகளும் தீர்மானிக்கின்றன.

கிழக்கேயும் நடுவிலும் மா வந்தது. 1980களுக்குப் பின் கடலைக் கொல்லைகள் ஒவ்வொன்றாக மாந்தோப்பாயின. காரணங்கள் பல. கம்பளிப்புழுவும் டிக்கா இலைப்புள்ளி நோயும் வறட்சியும் கடலையை அலைக்கழித்தன. ஆள் கிடைக்கவில்லை. பிள்ளைகள் பெங்களூருக்கும் சென்னைக்கும் சென்றனர். அரசு பழமரக் கன்றுகளுக்கு மானியம் தந்தது. பலமனேர், குப்பம் காடுகளில் 1980களில் தமிழகப் பக்கத்திலிருந்து வந்து தங்கிய யானைகளுக்காக 1990இல் கௌண்டின்யா சரணாலயம் அமைந்தது. அதன் ஓரத்தில் கேழ்வரகும் கரும்பும் விதைப்பது யானைக்குப் பந்தி விரிப்பதாயிற்று. இவற்றோடு மாங்கூழ் ஆலைகள் பெருகின. அவற்றுக்கு வேண்டியது ஒரே இரகம், தோத்தாபுரி. தமிழகம் கிளிமூக்கு என்றும் பெங்களூரா என்றும் அறிந்த மாங்காய் அது. இன்றைய சித்தூர் மாவட்டத்தில் மட்டும் மா ஐம்பதாயிரம் ஹெக்டேருக்கு மேல் நிற்கிறது.

மா நட்டவரைக் குறை சொல்வதற்கில்லை. நட்ட முதல் நான்கைந்து ஆண்டுகள் மரங்களின் இடையே கடலையும் உளுந்தும் விளைந்தன. பின் நிழல் மூடியது. பயறு போயிற்று, கடலைக்கொடி போயிற்று, கொடியோடு கொட்டகையின் தீனியும் போயிற்று. மா இலையை மாடு தின்று பால் தராது. முன்பு ஆடியில் தொடங்கித் தை வரை நான்கு முறை கேட்ட கேள்வியை, மா நட்டவர் முப்பது நாற்பது ஆண்டுக்கு ஒருமுறையே கேட்க முடியும். விலை விழுந்தால் மரத்தை அடுத்த பருவத்தில் மாற்றி விதைக்க இயலாது.

2025 கோடையில் அது நிகழ்ந்தது. விளைச்சல் மிகுந்தது. கூழ் ஆலைகளில் முந்தைய ஆண்டின் சரக்கே தேங்கியிருந்தது. ஆலை வாயில்களில் டிராக்டர்கள் நாட்கணக்கில் நின்றன. ஆலைகள் கிலோவுக்கு 8 ரூபாய் தர வேண்டும், அரசு 4 ரூபாய் சேர்க்கும் என்று ஆந்திர அரசு 12 ரூபாய் விலை அறிவித்தது. ஜூன் மாதத்தில் வெளிமாநிலத் தோத்தாபுரி சித்தூருக்குள் நுழையத் தடை விதிக்கப்பட, கோலார்ப் பக்கத்துக் குடியானவருக்காகக் கர்நாடக முதல்வர் ஆந்திர முதல்வருக்குக் கடிதம் எழுதினார். கூலி கொடுத்துப் பறிப்பதைவிட உதிரவிடுவதே மேல் என்று மரத்திலேயே காயை விட்டவர்கள் இருபுறமும் இருந்தனர். ஆலை கேட்ட ஒரே இரகத்தை இரண்டு மாநிலமும் வளர்த்ததன் விளைவு இது. நீலமும் பங்கனபள்ளியும் கலந்து நின்ற தோப்புகள் மட்டும் மாம்பழக் கடைகளை நோக்கித் திரும்பிக்கொள்ள முடிந்தது.

இவ்வளவுக்குப் பின்னும் சிறுகுடும்பங்கள் நிலத்தில் நீடிப்பதற்குக் கொட்டகையே காரணம். 1970களுக்குப் பின் ஜெர்சிக் கலப்பினப் பசு பரவியது. சித்தூர் ஆந்திரத்தின் முதன்மையான பால் மாவட்டங்களுள் ஒன்றாயிற்று. சித்தூர்க் கூட்டுறவுப் பால்பண்ணை 2002இல் மூடப்பட, தனியார் நிறுவனங்களின் வண்டிகள் ஊர்தோறும் வந்தன. பத்து நாளுக்கோ பதினைந்து நாளுக்கோ ஒருமுறை பாற்கணக்கு தீரும். கடலை, துவரை, மொச்சை தந்துவந்த வேளைகளைப் பால்பணம் இப்போது தனியாகத் தருகிறது. அந்த வேலை முழுதும் பெண்கள் தலையில். விடியலில் கறவை, பால் கொண்டுசெல்லல், புல்லறுப்பு, சாணம், மாலையில் மறுபடி கறவை. ஆண்டுக்கு ஒருமுறை பணம் தரும் மா பட்டாவோடு ஆண் பெயரிலும், நாளைக்கு இருமுறை உழைப்புக் கேட்கும் பசு பெண்ணின் கையிலும் இருப்பது தற்செயலன்று. தீனிக்கோ நிலமில்லை. கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் கோ-4 தீவனப்புல்லை ஆழ்துளை நீரில் வளர்க்கின்றனர். வைக்கோலை லாரியில் வரவழைக்கின்றனர். மானாவாரிக் கொடியைத் தின்ற மாடு போய், ஆயிரம் அடி நீரைத் தின்னும் மாடு வந்திருக்கிறது.

இச்சிக்கலை அரசுகள் அறியாமலில்லை. 1990களின் பிற்பகுதியில் குப்பத்தில் சிறு நிலங்களை ஒன்றுசேர்த்து, வரப்புகளை அகற்றி, இஸ்ரேலியத் தொழில்நுட்பத்தில் சொட்டுநீர் வேளாண்மை செய்துகாட்டப்பட்டது. விளைச்சல் பெருகியது, செலவும் பெருகியது, திட்டப் பணம் நின்றபின் அந்தச் செலவைத் தாங்கச் சிறுகுடியானவரால் ஆகவில்லை. சொட்டுநீர்க் குழாய் மட்டும் ஊரில் தங்கிப் பரவியது. அது நல்ல பயனே. அதற்கு நேரெதிர்த் திசையில் 2015–16 முதல் ஆந்திர அரசின் ரைத்து சாதிகார சம்ஸ்தா இயற்கை வேளாண்மை இயக்கத்தை நடத்துகிறது. 2024இல் குல்பென்கியன் பரிசை அந்த இயக்கம் பகிர்ந்துகொண்டது. மழைக்கு முன்பே பலவகை விதைகளைக் கலந்து விதைத்தல் அதன் முக்கிய முறைகளுள் ஒன்று. சிறிய இடத்தில் பல காய்கறிகளை அடுத்தடுத்து விளைவிக்கும் அமைப்புக்கு அவர்கள் வைத்த பெயர் ஏ.டி.எம். வேளை தவறாமல் பணம் வரும் என்பதற்கு வங்கி இயந்திரத்தின் பெயர். மொச்சையும் துவரையும் இட்ட பாட்டிகள் இப்பெயரைக் கேட்டால் சிரிப்பார்கள். பொருளை மறுக்க மாட்டார்கள். திருமலைத் தேவஸ்தானம் 2021 முதல் இத்தகைய விளைபொருளை நைவேத்தியத்துக்கு வாங்கத் தொடங்கியது. ஏரிக்குப் பணம் தந்த கோயில் தானியத்துக்கு வாங்குபவராக வந்து நிற்கிறது.

சித்தூர்க் குடியானவரின் இவ்வாழ்வை உள்ளிருந்து அறிய விழைவோர் திருப்பதியை அடுத்த மிட்டூரின் நாமினி சுப்பிரமணியம் நாயுடுவைப் படிக்கலாம். அவருடைய குறுநாவல் ஒன்றின் பெயரே முனிகண்ணனின் சேத்தியம் என்று பொருள்படும். சேத்தியம் என்றால் வேளாண்மை. அவருடைய தெலுங்கில் தமிழ்க்காது உள்ள எவருக்கும் பாதிச்சொற்கள் பழகியவையாக இருக்கும்.

2025 ஆகஸ்டில் ஹந்திரி–நீவா கால்வாய் வழியே கிருஷ்ணை நீர் குப்பத்தை எட்டியது. திட்டத்தின் பெயரிலுள்ள நீவா சித்தூர் நகரைத் தொட்டோடி, தமிழகத்துக்குள் பொன்னையாறாகிப் பாலாற்றில் சேரும் அதே ஆறு. நீர் ஏரிகளை நிரப்பினால் கிணறுகள் ஓரளவு ஊறும். கழனிகள் சில மீளக்கூடும். கொல்லைக்கு என்ன ஆகும் என்பது அந்நீரைப் பொறுத்ததன்று. தோத்தாபுரி மரங்களை யார் எப்போது வெட்டுவது என்பதைப் பொறுத்தது. புங்கனூர் மாடோ வேறிடத்தில் புகழ்பெற்றுவிட்டது. 2024 சங்கராந்தியன்று பிரதமர் தம் இல்லத்தில் அதற்குத் தீவனம் ஊட்டிய படம் நாடெங்கும் பரவியபின், நகரத்து மாளிகை முற்றங்களுக்காக இலட்சங்களில் விலை பேசப்படுகிறது. பலமனேர் கால்நடை ஆராய்ச்சி நிலையம் அதன் தூய மரபைப் பல பத்தாண்டுகளாகக் காத்துவருகிறது. அந்நிலையத்தைச் சுற்றியுள்ள ஊர்களின் கொட்டகைகளில் பெரும்பாலும் நிற்பவை ஜெர்சிக் கலப்பினங்கள். மாலை ஐந்தரை மணிக்குப் பால்வண்டி வரும்.